வீட்டருகே நிற்கும் பெருமரம்

தமிழர் மரத்தை உறவாகக் கொண்டு வாழ்ந்தவர். சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்துப் புன்னையாக வளர, அதனை வீட்டுப் பெண்ணின் உடன்பிறந்தாள் என்றே தாய் கூறியதாக நற்றிணைப் பாடல் ஒன்று உரைக்கின்றது. அரசர்கள் காவல்மரம் வைத்துப் போற்றினர். பகைவர் அம்மரத்தை வெட்டுவது அரசனையே வென்றதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது. பிள்ளை பிறந்த ஆண்டில் மாங்கன்று நடுதலும், வாயிலில் வேம்பு வளர்த்தலும் நம் ஊர்களில் இன்றும் காணும் வழக்கங்களே.

அங்ஙனம் போற்றி வளர்த்த மரமே ஒருநாள் இரவில் வீட்டின்மேல் சாய்தலும் உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூர்க் கடற்கரையைத் தாக்கிய தானே புயல், பண்ணுருட்டிப் பகுதியின் பலாமரங்களையும் முந்திரி மரங்களையும் வேரோடு பெயர்த்தது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையின் தெருக்களில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தின் அருகே கரை கடந்த கசா புயலில் விழுந்த தென்னைகளை எண்ணி இன்றும் கண் கலங்கும் உழவர் பலர். இப்புயல்களில் வீழ்ந்தவற்றுள் நன்கு தழைத்து நின்ற மரங்களும் இருந்தன. பழுதுபட்டது என்று பலரும் எண்ணியிருந்த கிழமரங்கள் சில அசையாமல் நின்றன. இஃது ஏன்? வீட்டருகே நிற்கும் பெருமரத்தை வைத்திருப்பதா, அகற்றுவதா என்று முடிவு செய்ய விரும்புவோர் முதலில் ஆராய வேண்டுவது இவ்வினாவையே.

பொதுவாக மக்கள் இம்முடிவை மரத்தைப் பார்த்துச் செய்வதில்லை. தம் மனத்தைப் பார்த்தே செய்கின்றனர். புயல் அடித்து ஓய்ந்த மறுவாரம் ஊரெங்கும் கோடரி ஒலி கேட்கும். அச்சம் தணியும் வரையில் நல்ல மரங்களும் வீழும். மற்றொரு சாரார், மூதாதையர் நட்டது என்றும், தெய்வம் உறைவது என்றும் கூறி, அடியில் மண் வெடித்து நிற்கும் மரத்தையும் தொட மறுப்பர். மரத்தை விலைக்கு வாங்குவோரை அழைத்து, 'இது நிற்குமா, விழுமா?' என்று கேட்போரும் உளர். வாங்க வந்தவர் என்ன விடை கூறுவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு மரம் தீங்கு தரத்தக்கதா என்பது மரத்தை மட்டும் பொறுத்ததன்று. அது விழக்கூடிய இடத்தில் என்ன இருக்கின்றது என்பதையும் பொறுத்தது. ஆளில்லாப் புறம்போக்கில் பட்டுப்போய் நிற்கும் மரத்தால் யாருக்கும் தீங்கில்லை. மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் அது வீடாகும். அதே மரம் பிள்ளைகள் உறங்கும் அறைக்கு மேல் சாய்ந்து நிற்குமானால் ஓரிரவும் பொறுக்கலாகாது. ஆதலின் சில வேளைகளில் மரத்தை அகற்றுவதைக் காட்டிலும் அதன் கீழுள்ளதை அகற்றுதல் எளிது. மாட்டுக் கொட்டிலை மறுபுறம் மாற்றலாம். கயிற்றுக் கட்டிலை வேறு அறையில் இடலாம். வீட்டை மட்டும் அங்ஙனம் நகர்த்த இயலாது.

மரம் விழுந்தால் வீட்டை எட்டுமா என்பதை ஏறிப் பார்த்து அளக்க வேண்டுவதில்லை. வெயில் நாளில் ஒரு மீட்டர் நீளமுள்ள கோலை நேராக நட்டு, அதன் நிழலை அளந்து கொள்க. அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அடியிலிருந்து நுனிவரை அளந்து கொள்க. கோலின் நிழல் 80 சென்டிமீட்டரும் மரத்தின் நிழல் 12.8 மீட்டரும் இருப்பின், மரத்தின் உயரம் 16 மீட்டர் ஆகும். வீட்டுச் சுவர் 9 மீட்டர் தொலைவில் இருந்தால், வீழும் மரம் கூரையைத் தாண்டி முற்றத்தையும் எட்டும்.

இனி மரத்தின் உள்ளமைப்பைக் காண்போம். உள்ளே வலிமை உடையவற்றை அகக்காழ் என்றும், புறத்தே வலிமை உடையவற்றைப் புறக்காழ் என்றும் தொல்காப்பியம் பகுத்து, முன்னவற்றை மரம் என்றும் பின்னவற்றைப் புல் என்றும் கூறும். வேம்பும் புளியும் முதல் வகை. தென்னையும் பனையும் இரண்டாம் வகை. இப்பகுப்பு நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுகின்றது. வேம்பில் பட்டையின் உட்புறத்தே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் புதிய மரத்தைப் படைப்பது அதுவே. தண்டில் காயம் பட்டால் ஓரங்களிலிருந்து புதிய மரம் வளர்ந்து அதனை மூடப் பார்க்கும். தென்னைக்கு அத்தகைய படலம் இல்லை. அதன் தண்டில் விழுந்த ஓட்டை என்றும் ஓட்டையாகவே நிற்கும். சிவப்புக் கூன்வண்டு துளைத்த தென்னை வெளியே பச்சையாகத் தோன்றி, உள்ளே சக்கையாகித் திடீரென முறிவது இதனாலேயே பெரிதும் அஞ்சத்தக்கது.

வேம்பு, புளி போன்ற மரங்களின் நடுவில் உள்ள வைரம் உயிரற்றது. நீரை மேலே ஏற்றுவது அதனைச் சூழ்ந்துள்ள வெளிறு. ஆகையால் வைரம் முழுவதும் மக்கிப் பொந்தானாலும் மரம் தழைக்கும், பூக்கும், காய்க்கும். பொந்துள்ள மரம் உடனே விழுந்துவிடும் என்று எண்ணுவதும் தவறே. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் வளைந்து நின்று காற்றைத் தாங்குகின்றதன்றோ? அமெரிக்க நாட்டு அறிஞர் அலெக்ஸ் சைகோ என்பவர் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்து ஆராய்ந்தார். மரத்தின் காயம் நம் உடற்புண் போல ஆறுவதில்லை என்றும், அழுகிய பகுதியைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர்களை எழுப்பி அதனைச் சிறைப்படுத்துகின்றது என்றும் அவர் கண்டார். அச்சுவர் நிலைத்த மரம் பொந்தோடு நெடுங்காலம் வாழும்.

எவ்வளவு பொந்து இருக்கலாம்? செர்மானிய அறிஞர் கிளாஸ் மாத்தெக் ஒரு கணக்குக் கூறினார். பொந்தைச் சுற்றியுள்ள நல்ல மரத்தின் கனம், தண்டின் ஆரத்தில் பத்தில் மூன்று பங்கிற்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அது. 80 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தண்டின் ஆரம் 40 சென்டிமீட்டர். எனவே சுற்றிலும் 12 சென்டிமீட்டருக்குக் குறையாத நல்ல மரம் தேவை. இதனை உறுதியான சட்டமாகக் கொள்ளலாகாது. அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. பொந்தின் வாய் அகன்று விரிந்திருந்தால் இக்கணக்குப் பொருந்தாது. எனினும் ஓட்டையைக் கண்டவுடன் கோடரியை எடுக்கும் கையைச் சற்றே தடுத்து நிறுத்த இது போதும்.

பொந்தைப் பார்த்து அஞ்சும் நாம் வேரைப் பார்ப்பதே இல்லை. பெருமரத்தின் ஆணிவேர் மரத்தின் உயரத்திற்கு நிகராக ஆழத்தில் இறங்கி அதனைத் தாங்குவதாகப் பலர் நினைக்கின்றனர். வளர்ந்த மரங்கள் பெரும்பாலானவற்றில் உண்மை வேறு. வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்திற்குள்ளேயே பரவுகின்றது. பக்கவாட்டில் கிளைகளின் விரிவையும் கடந்து நெடுந்தொலைவு செல்கின்றது. மரம் நிற்பது இந்த அகன்ற வேர்த்தட்டின் வலிமையால்தான். மரத்தினின்று இரண்டு முழத் தொலைவில் வெட்டும் வாய்க்கால் மரத்திற்குத் தீங்கு செய்யாது என்று எண்ணிக் குழாய் பதிக்கின்றோம். சுற்றிலும் சிமென்டுத் தளம் இடுகின்றோம். அறுபட்ட வேர் உடனே தன் குறையைக் காட்டுவதில்லை. எஞ்சிய வேர்கள் நீரை ஊட்டுவதால் தழை பசுமையாகவே இருக்கும். அறுபட்ட முனையில் புகுந்த பூஞ்சை சில ஆண்டுகள் அமைதியாகத் தன் வேலையைச் செய்யும்.

சிற்றூர் வீடு ஒன்றை மனக்கண் முன் நிறுத்திக் கொள்வோம். காவிரிப் பாசனத்துக் களிமண் ஊர். ஓட்டு வீடு. மூதாட்டி, அவர் மகன், மருமகள், பெயரர் இருவர் அங்கு வாழ்கின்றனர். வீட்டின் கிழக்கே வேம்பு ஒன்று. மூதாட்டியின் மாமியார் காலத்தது. அடித்தண்டில் பெரும்பொந்து. மேற்கே தூங்குமூஞ்சி மரம் ஒன்று; மூதாட்டியின் கணவர் நட்டது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. மாலையில் இலைகள் மடியும் வரை அதன் நிழலிலேயே குடும்பம் அமர்ந்திருக்கும். பொந்தில் பாம்பு இருக்கும் என்று அஞ்சிய மகன் வேம்பை வெட்ட எண்ணினான். தூங்குமூஞ்சியைப் பற்றி அவனுக்கு ஐயமே இல்லை. குடை போல விரிந்து, ஓர் இலையும் வாடாமல் நின்றது அம்மரம்.

மரவேலையில் நரைத்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தனர். அவர் முதலில் வேம்பைச் சுற்றி வந்து கொட்டாப்புளியால் தட்டினார். பொந்துள்ள பக்கத்தில் பறை போல ஒலித்தது. மற்றப் பக்கங்களில் ஒலி கெட்டியாக இருந்தது. மெல்லிய துளைகள் இட்டுக் கம்பியால் அளந்தார். மிகக் குறைந்த இடத்திலும் நல்ல மரம் 17 சென்டிமீட்டர் கனம் இருந்தது. பொந்தின் வாய் சிறிது. அதன் ஓரங்களில் புதுமரம் உருண்டு திரண்டிருந்தது. அடிமண்ணில் வெடிப்பில்லை. வேர்கள் தரையைப் பற்றிய பிடி தளரவில்லை. "இதற்கு இப்போது ஒன்றும் இல்லை, பட்ட கிளைகள் இரண்டை மட்டும் கழித்துவிடுவோம்" என்றார்.

பிறகு அவர் மேற்கே சென்றார். அங்கே நெடுநேரம் நின்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெருவோரம் குடிநீர்க் குழாய்க்காக வெட்டிய பள்ளம் மரத்தின் மேற்குப் புறத்தை ஒட்டிச் சென்றிருந்தது. அப்பள்ளத்தை நோக்கிய அடிப்பகுதியில், பலகை போன்று கடினமான செங்காவி நிறக் காளான்கள் இரண்டு முளைத்திருந்தன. மரம் சிறிது கிழக்கே, அதாவது வீட்டை நோக்கிச் சாய்ந்திருந்தது. சாய்வு புதிதா, பழையதா என்று அவர் கேட்டார். இளமையிலேயே சாய்ந்த மரம், வளர வளரத் தன் நுனியை நிமிர்த்திக்கொண்டு அதற்கேற்ப வேரையும் வலுப்படுத்திக்கொள்ளும். இம்மரமோ அடி முதல் நுனி வரை ஒரே கோடாகச் சாய்ந்திருந்தது. மேற்கே மண்ணில் பிறை வடிவில் ஒரு வெடிப்பும் காணப்பட்டது.

கிழக்கே சாயும் மரத்தை மேற்கே இருந்து இழுத்துப் பிடிப்பவை மேற்குப் புறத்து வேர்கள். கூடாரத்தின் ஒரு பக்கக் கயிறுகளை அறுத்துவிட்டால் அது மறுபக்கம் சாய்வது போல, அவ்வேர்களை இழந்த மரம் வீட்டின்மேல்தான் சாயும். புயலின் திசையையும் இங்கே நினைத்தல் வேண்டும். நம் வங்கக் கடலில் எழும் புயல்களில் காற்று இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. புயலின் மையம் ஊருக்கு வடக்கே கரை கடந்தால், அவ்வூரில் காற்று மேற்கிலிருந்து வீசும். அம்மரத்தை வீட்டை நோக்கித் தள்ளும் காற்று அது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை ஏறக்குறைய நான்மடங்காகும். மழையில் ஊறிய களிமண்ணோ வேரைப் பற்றி நிற்கும் வலிமையை அந்நேரம் இழந்திருக்கும்.

மகன் கிளைகளை மட்டும் குறைத்தால் போதாதா என்று வினவினான். நல்ல வினா அது. மரத்தை மொட்டையடித்துவிடும் வழக்கம் நம் ஊர்களில் மிகுதி. அது மரத்தைக் காப்பதன்று. வெட்டிய முனைகளில் அழுகல் புகும். அவற்றைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேலோட்டமாகவே ஒட்டியிருப்பதால், அவை பருத்த பின் எளிதில் பிளந்து விழும். முறைப்படி ஓரக் கிளைகளைத் தக்க கவைவரை குறைத்துக் காற்றின் சுமையைத் தணிப்பது வேறு. கிளைகள் மிகையாக நீண்டு, வேர் நலமாக உள்ள மரத்திற்கு அது நல்ல மருந்து. வேரே அழுகிய மரத்திற்கு அதனால் பயன் சிறிதே. சாய்ந்த கிளைக்கு முட்டுக் கொடுக்கலாம். பிளவுபட்ட கவையைக் கம்பிவடத்தால் பிணைக்கலாம். அற்றுப்போன வேரைப் பிணைக்க வழியில்லை.

மூதாட்டி இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். "அவர் கையால் வைத்த மரம், தம்பி. பச்சையாக நிற்பதை எப்படி வெட்டச் சொல்வேன்?" என்றார். முதியவர் மறுமொழி கூறவில்லை. கடப்பாரையை எடுத்து மேற்குப் புறத்து மண்ணை ஒரு முழம் அகழ்ந்தார். தொடை பருமனுள்ள வேர் ஒன்று தெரிந்தது. கடப்பாரை முனை பட்டதும் அது நனைந்த வறட்டி போல உதிர்ந்தது. ஒரு பிடி எடுத்து மூதாட்டியின் கையில் கொடுத்தார். அவர் அதனை விரலால் நசுக்கிப் பார்த்தார். பெயரர்கள் படுக்கும் அறையை ஒருமுறை திரும்பி நோக்கினார். "ஐப்பசி மழைக்கு முன்பே ஆகட்டும்" என்றார்.

அன்பினால் ஒரு மரத்தின் பகுதியை அகற்றி மற்றதைக் காத்த செய்தியும் நம் நாட்டில் உண்டு. கொல்கத்தாவை அடுத்த ஷிப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பேராலமரத்தை 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்கள் தாக்கின. முறிந்த இடங்களில் பூஞ்சை புகுந்து அடிமரம் அழுகியது. 1925ஆம் ஆண்டில் அவ்வடிமரம் முழுவதும் வெட்டி அகற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான விழுதுகள் ஊன்றி நின்றமையால், அடிமரம் இன்றியே அது இன்றும் விரிந்து கொண்டிருக்கின்றது. எல்லா மரங்களுக்கும் விழுது வாய்ப்பதில்லை.

வெட்டுவது என்று துணிந்த பின்னும் செய்ய வேண்டுவன சில உள. மரம் யாருடைய நிலத்தில் நிற்கின்றது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். தெருவோரத்து மரமாயின் உரிய அலுவலரின் இசைவின்றித் தொடலாகாது. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி இசைவு பெறுதல் வேண்டும். அருகே மின்கம்பி சென்றால் மின்வாரியத்திற்கு அறிவித்து மின்னோட்டத்தை நிறுத்தச் செய்தல் வேண்டும். பச்சைக் கிளை கம்பியைத் தொட்டாலே உயிர் போகும். பொந்துகளையும் கிளைகளையும் நோக்கி, கூடுகளில் குஞ்சுகள் உளவா என்று பார்த்தலும் நன்று. குஞ்சுகள் பறந்து போகும் வரை சில வாரம் பொறுக்கக்கூடுமாயின் பொறுக்கலாம். மண் வெடித்த மரத்தின் கீழ் உறங்குவோர் அதுவரை வேறிடத்தில் உறங்கட்டும்.

வீட்டருகே நிற்கும் மரத்தை அடியில் வெட்டிச் சாய்ப்பது பெரும் பிழை. மேலிருந்து பகுதி பகுதியாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் வடக்கயிற்றில் கட்டி மெல்ல இறக்க வேண்டும். பருத்த கிளையை அறுக்கையில் முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, பிறகு சற்று வெளியே தள்ளி மேற்புறம் அறுப்பர். அங்ஙனம் செய்யாவிடில் கிளை தன் பளுவாலேயே கிழிந்து, பட்டையையும் உரித்துக்கொண்டு, அறுப்பவர் மீதே பாயும். அழுகிய மரத்தில் ஏறுவதே இடர். அடியில் பிடியற்ற மரத்தில் ஏறாமல், ஏற்றக் கருவியின் தட்டில் நின்று அறுப்பதே தக்கது. கூலி மிகும் என்று எண்ணித் தாமே அரிவாளுடன் ஏறுவோரை ஊரார் தடுத்தல் வேண்டும்.

தூங்குமூஞ்சியை அகற்ற இரண்டு நாள் பிடித்தது. அடிக்கட்டை அறுபட்டபோது, மேற்குப் பாதி தேன்கூடு போலத் துளைகளுடன் கிடந்தது. கிழக்குப் பாதி மட்டும் கெட்டியாக இருந்தது. மரத்தை அகற்றியவுடன் சுவர்களைக் கவனிக்குமாறு முதியவர் சொல்லிச் சென்றார். பெருமரம் நாள்தோறும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் கொண்டிருந்தது. அது போன பின், களிமண் மெல்ல ஈரம் ஏறி உப்பும். கடைக்காலையும் சிறிது உயர்த்தி வெடிப்பை உண்டாக்கலாம். அதனால் சுவரில் தெரிந்த மயிரிழை வெடிப்பின் இரு முனைகளிலும் மகன் கரிக்கோடு இட்டு, நாளும் குறித்து வைத்தான். இரண்டு மழைக்காலம் கழியும் வரை அக்கோட்டைக் கடந்து வெடிப்பு நீள்கின்றதா என்று பார்த்து வருவது அவன் வேலை.

புதுக்கன்று எங்கே வைப்பது என்பதை மூதாட்டியே முடிவு செய்தார். புன்னைக் கன்று ஒன்றைக் கொணரச் சொன்னார். குழாய்ப் பள்ளத்திற்கும் வீட்டிற்கும் எட்டாத தொலைவில், கொல்லையின் வடமேற்கு மூலையில், பெயரர்கள் கோலும் கயிறும் கொண்டு அளந்து குழி தோண்டினர்.